சீனனைப் பார் என்கிறவர்களுக்கு

எம்மவர் மேடைகளில் சலிக்காமல் ஒலிக்கும் வாசகம் ஒன்று உண்டு: "சீனனைப் பார்!" வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளின் பரிசளிப்பு விழாவிலும், ஊர்ச் சங்கங்களின் ஒன்றுகூடலிலும், சாமத்தியவீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இதைக் கேட்கலாம். முன்னர் இந்த இடத்தில் யூதன் இருந்தான். இரண்டாயிரம் வருசம் நாடில்லாமல் அலைந்தும் யூதன் தன்னை இழக்கவில்லை என்று பேசிப் பேசி வாய் ஓய்ந்தபின், இப்போது அந்தக் கதிரையில் சீனனைக் கொண்டுவந்து இருத்தியிருக்கிறோம். சீனன் போன இடமெல்லாம் சைனாரவுண் கட்டுகிறான். சீனன் தன் பிள்ளையோடு சீனத்தில்தான் கதைக்கிறான். தாய் தகப்பனைக் கைவிடமாட்டான். ஒரு சீனன் விழுந்தால் பத்துச் சீனன் தூக்கிவிடுவான். எங்கடை ஆக்கள் மட்டும்தான் ஒருவன் காலை ஒருவன் இழுப்பார்கள். பேச்சின் சாரம் இவ்வளவுதான். கைதட்டல் நிச்சயம்.

இந்தப் பேச்சு பொய். அது பொய்யாக மட்டும் இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எங்களைப்போல் அடிபட்டு ஓடிவந்த ஒரு சனத்தின் வாயில் அது ஆபத்தான பேச்சும் கூட. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அப்டன் பார்க்கில் இந்தப் பேச்சு எடுபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. நிலக்கீழ் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து கிறீன் ஸ்ரீற்றில் நடந்தால் குஜராத்தியரும் பஞ்சாபியரும் நடத்தும் நகைக்கடைகள், வங்காளிகளின் மீன்கடைகள், குயீன்ஸ் மார்க்கற்றில் ஆபிரிக்கரின் கருவாடும் கிழங்கும், எம்மவரின் முருங்கைக்காயும் கருவேப்பிலையும் கண்ணில் படும். இவர்களை எல்லாம் எமக்குத் தெரியும். குஜராத்தி ஒருவரோடு வாடகைக்கு மல்லுக்கட்டியிருப்போம், வங்காளியிடம் மீன் வெட்டுவித்திருப்போம். ஆகவே குஜராத்தியர் எல்லோரும் இப்படி, வங்காளிகள் எல்லோரும் அப்படி என்று மேடையில் அளந்தால் சபையில் ஒருவராவது முகத்தைச் சுளிப்பார். சீனர் இந்தத் தெருவில் மிகக் குறைவு. இருப்பவரும் ரேக்எவே கடையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்பவர். பெயர் கேட்டிருக்க மாட்டோம். தெரியாதவனைப் பற்றி எதையும் சொல்லலாம் அல்லவா?

தெரிந்துகொள்ள நெடுந்தூரம் போகத் தேவையில்லை. கிறீன் ஸ்ரீற்றிலிருந்து மேற்கே சில மைல் தூரத்தில் லைம்ஹவுஸ் இருக்கிறது. லண்டனின் முதலாவது சைனாரவுண் அங்கேதான் இருந்தது. பெனிஃபீல்ட்ஸ், லைம்ஹவுஸ் கோஸ்வே என்ற இரண்டு தெருக்கள். கப்பல்களில் கரி அள்ளியும் நெருப்பு மூட்டியும் வந்த கடலோடிகள் அடுத்த கப்பல் கிடைக்கும்வரை தங்கிய விடுதிகள், சில சாப்பாட்டுக் கடைகள், சலவைக் கடைகள். அருகே வெஸ்ற் இந்தியா டொக் வீதியில் ஆசியருக்கும் ஆபிரிக்கருக்குமென்று 1857 இல் திறக்கப்பட்ட தங்குமடத்தில் சீனரும் மலாயரும் இந்திய லஸ்கார்களும் ஒரே கூரையின் கீழ் படுத்திருக்கிறார்கள். லைம்ஹவுஸ் சீனர் எப்போதும் சில நூறு பேருக்குள்தான். கன்ரன், ஷங்காய் என்று ஊர்வாரியாகப் பிரிந்து ஆளுக்கொரு தெருவில் இருந்தவர்கள். ஒரே இனம் என்பதற்காக ஒரே கூட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் அல்லர்.

இந்தச் சில நூறு பேரைப் பற்றி இங்கிலாந்து என்ன பேசியது? 1913 இல் சாக்ஸ் றோமர் என்ற எழுத்தாளர் ஃபூ மாஞ்சு என்ற பாத்திரத்தைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். வெள்ளை உலகை அழிக்கச் சதிசெய்யும் மாபெரும் மூளைக்காரச் சீனன். நாவலாய், படமாய் அது பல தசாப்தங்கள் ஓடியது. அந்த ஃபூ மாஞ்சுவிடம் இருந்த குணங்கள் எவை? கூர்மையான புத்தி, அசையாத ஒழுக்கம், தன் இனத்தவரின் கேள்வி கேட்காத கீழ்ப்படிவு, எவருக்கும் தெரியாமல் ஒருவரை ஒருவர் தாங்கும் இரகசிய ஒற்றுமை. எங்கள் பரிசளிப்பு விழாவில் நாம் சீனனுக்குக் கொடுக்கும் நற்சான்றிதழை எடுத்து அருகே வைத்துப் பாருங்கள். குணங்கள் அத்தனையும் அவையேதான். றோமர் பயந்து எழுதினார், நாம் வியந்து பேசுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தப் பயம் புத்தகத்தோடு நிற்கவில்லை. 1911 இல் கார்டிஃப் நகரில் கடலோடிகள் வேலைநிறுத்தம் நடந்தபோது சீனரின் சலவைக் கடைகள் அடித்து நொறுக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கப்பல்களில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த சீனக் கடலோடிகள் லிவர்பூலில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். போர் முடிந்ததும் 1945 ஒக்ரோபரில் உள்துறை அமைச்சில் ஒரு கூட்டம் கூடியது. "விரும்பத்தகாத" சீனக் கடலோடிகளைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்புவது பற்றிய கோப்பு திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு லிவர்பூலில் ஆங்கிலேய, ஐரிஷ் மனைவியர் இருந்தனர். பிள்ளைகளும் இருந்தார்கள். அந்நியனைக் கட்டிய பெண் பிரித்தானியப் பிரசாவுரிமையை இழக்கும் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. வேலைக்குப் போன கணவன் திரும்பி வரவில்லை. ஏன் என்று சொல்வாரும் இல்லை. கைவிட்டுப் போனான் என்று நினைத்தே பல பெண்கள் செத்துப் போனார்கள். பிள்ளைகள் முதுமையை எட்டியபின்தான் கோப்புகளைப் படித்து உண்மையை அறிந்தார்கள்.

காணாமல் ஆக்கப்பட்டோர் என்ற சொல்லை உலகுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் நாம், சீனனைப் பார் என்று பிள்ளைக்குச் சொல்லும்போது இந்தச் சீனனைக் காட்டுகிறோமா? இல்லை. இவன் எங்கள் பேச்சுக்கு உதவமாட்டான். இவன் சைனாரவுண் கட்டவில்லை. கட்டியிருந்ததும் மிஞ்சவில்லை. தெரு அகலிப்பும், ஜெர்மன் குண்டும், போருக்குப் பிந்திய வீடமைப்பும் லைம்ஹவுஸ் சீனர் குடியிருப்பைத் துடைத்துவிட்டன. கன்ரன் ஸ்ரீற், பீக்கின் ஸ்ரீற், நான்கின் ஸ்ரீற், மிங் ஸ்ரீற் என்று பெயர்ப்பலகைகள் மட்டும் இன்னும் நிற்கின்றன.

"அது பழைய கதை. ஜெராட் ஸ்ரீற்றைப் போய்ப் பாருங்கள்" என்பார்கள். பார்ப்போம். அந்த அலங்கார வளைவுகளுக்குக் கீழுள்ள கட்டடங்களில் பெரும்பகுதி சாவ்ட்ஸ்பரி என்ற காணி நிறுவனத்தின் சொத்து. சீனக் கடைக்காரர் வாடகைக்கு இருப்பவர்கள். 2018 யூலையில் குடிவரவு அதிகாரிகளின் தொடர் சோதனைகளைக் கண்டித்து அவர்கள் தங்கள் கடைகளைச் சில மணிநேரம் இழுத்து மூடினார்கள். உல்லாசப் பயணி கண்டது சிவப்பு விளக்கு. சமையலறையில் நின்றவன் கண்டது சோதனைக்கு வந்தவனின் சீருடை.

ஜெராட் ஸ்ரீற்றை உருவாக்கியவர்கள் யார்? பெரும்பாலும் ஹொங்கொங்கின் நியூ ரெறிற்றறிஸ் கிராமத்தவர்கள். ஐம்பதுகளில் வெளியிலிருந்து வந்த மலிவான அரிசியால் நெல் விதைத்துச் சீவிக்க முடியாமல் போனவர்கள். கமக்காரர்கள். சலவை இயந்திரம் வந்து சலவைக் கடை படுத்துவிட, உணவுக்கடைதான் வழியென்று வந்தார்கள். 1962 இன் குடிவரவுச் சட்டத்துக்குப் பின், ஏற்கனவே வந்திருந்தவன் தன் மச்சானையும் சித்தப்பன் மகனையும் கடைக்கு எடுப்பித்தான். இதைத்தான் நாம் "சீனன் சீனனைத் தூக்கிவிடுவான்" என்கிறோம். எங்கள் பெற்றோல் ஸ்ரேசன்களும் பலசரக்குக் கடைகளும் எப்படி ஆள் சேர்த்தன? அதே வழியில்தான். தூக்கிவிட்ட கையே குறைந்த சம்பளத்தையும் கொடுத்தது, வாய் திறந்தால் "ஊரிலை இருந்து எடுப்பிச்சது ஆர்?" என்றும் கேட்டது. வேலை செய்தவனுக்குத்தான் அந்த ஒற்றுமையின் விலை தெரியும்.

இன்னொன்று. பிரித்தானியச் சீனரில் பெரும்பான்மையினர் சைனாரவுணில் வாழவே இல்லை. ஓர் ஊருக்கு ஒரு ரேக்எவே என்ற கணக்கில், ஒருவர் பிழைப்பில் ஒருவர் கை வைக்காமல் நாடு முழுவதும் சிதறினார்கள். கடைக்கு மேல் வீடு. பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை சீருடையைக் கழற்றாமலே தொலைபேசியில் ஓடர் எடுத்தது, தகப்பனுக்கு வந்த கவுன்சில் கடிதத்தை வாசித்துச் சொன்னது, இரவில் கண்ணாடிக்கு அப்பால் நின்ற குடிகாரன் கண்ணை இழுத்துக் காட்டிக் கேலி செய்வதைப் பார்த்தது. அயலில் பேச ஒரு சீனக் குடும்பம் இல்லை. அந்த வகையில் அப்டன் பார்க்கில் தடக்கி விழுந்தால் இன்னொரு தமிழனில் விழும் நாம் எவ்வளவோ அதிர்ஷ்டசாலிகள். பொறாமைப்பட வேண்டியவன் யார் என்று யோசியுங்கள்.

மொழிக்கு வருவோம். சீனன் சீனத்தில் கதைக்கிறான் என்கிறோம். எந்தச் சீனத்தில்? நியூ ரெறிற்றறிஸ் கிராமத்தவன் கன்ரனீசிலும் ஹக்காவிலும் பேசினான். 1979 ஐ ஒட்டி வியற்நாமிலிருந்து படகில் வந்தவர்களில் பெரும்பங்கினர் அங்கிருந்த சீனர். தொண்ணூறுகளில் ஃபூஜியனிலிருந்து வந்தவன் தன் ஊர்ப் பேச்சைக் கொண்டுவந்தான். ஒருவன் பேச்சு மற்றவனுக்கு விளங்காது. 2021 சனவரியில் திறக்கப்பட்ட விசா வழியாக ஹொங்கொங்கிலிருந்து வந்தவர்களில் பலர் தம்மைச் சீனர் என்று அழைத்தாலே கோபிப்பார்கள். எல்லோரும் ஒன்றாகக் கதைக்கும் சீனம் வேண்டுமானால் சிங்கப்பூரைப் பார்க்கலாம். 1979 இல் லீ குவான் யூ "மண்டரின் பேசுவோம்" இயக்கத்தைத் தொடக்கினார். ஹொக்கியனும் ரியோச்சியூவும் கன்ரனீசும் தொலைக்காட்சியிலிருந்து படிப்படியாக அகற்றப்பட்டன. விளைவு, பாட்டி ஒரு மொழி, பேரப்பிள்ளை ஒரு மொழி. ஒரே வீட்டுக்குள் இருவருக்கும் இடையில் பேச்சு அறுந்தது. சீனம் காப்பாற்றப்பட்டது, பாட்டியின் மொழி போயிற்று. யாழ்ப்பாணத்துத் தமிழ்தான் தமிழ், மட்டக்களப்பான் பேசுவது கொச்சை, மலையகத்தான் பேசுவது தோட்டப் பாஷை என்று சொல்லும் நாக்குக்கு இந்த உதாரணம் இனிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பயப்படுகிறேன்.

இனிப் பெற்றாரைப் போற்றுதல். சீனப் பண்பாடு என்றாலே எம்மவருக்குக் கொன்பூசியஸ்தான். தகப்பன் சொல்லை மகன் தட்டாமை. ஆனால் அந்தப் பண்பாட்டுக்குள்ளிருந்தே அதற்கு எதிராக எழுந்த குரலும் சீனத்தினுடையதுதானே? 1918 இல் லூ சுன் எழுதிய "பைத்தியக்காரனின் நாட்குறிப்பு" என்ற கதையில், அறநெறி பேசும் பழைய ஏடுகளின் வரிகளுக்கிடையே மனிதரைத் தின்னும் சமூகத்தைக் கதைசொல்லி காண்கிறான். 1919 மே 4 இல் பீக்கிங் மாணவர் வீதிக்கு இறங்கினார்கள். அந்த அலையில் பெற்றார் பேசிமுடித்த கலியாணம், பெண்களின் கால்களைக் கட்டிச் சிறுக்க வைத்த வழக்கம், தகப்பனின் தட்டமுடியாத அதிகாரம் எல்லாம் கேள்விக்குள்ளாயின. லூ சுன்னின் கதைகளை எங்கள் மலையகத்துக் கே. கணேஷ் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பரிசளிப்பு விழாவில் அந்தப் புத்தகத்தை எந்தப் பிள்ளைக்காவது கொடுத்திருக்கிறோமா? கொடுக்கமாட்டோம். எமக்குத் தேவையான சீனன் வாய்திறவாத பிள்ளை. டொக்ரர் ஆகு என்றால் ஆகி, இந்தச் சாதிக்குள் கட்டு என்றால் கட்டி, கேள்வி கேட்காமல் எங்களைக் கடைசிவரை பார்க்கும் பிள்ளை. பெற்றாரின் மனதில் இருக்கும் இந்த ஆசைக்குச் சீன முகமூடி ஒன்று மாட்டியிருக்கிறோம்.

மேடைச் சீனனுக்குள் அடங்காத சீனர் வேறும் உண்டு. 2000 யூன் மாதம் டோவர் துறைமுகத்தில் தக்காளி ஏற்றிவந்த லொறிக்குள் 58 சீனர் மூச்சடைத்து இறந்து கிடந்தனர். 2004 பெப்ரவரி 5 இரவு மோகம் விரிகுடாவில் மட்டி பொறுக்கிய 23 சீனத் தொழிலாளரைக் கடல் கொண்டுபோனது. அவர்களை அந்தச் சேற்றுக்குள் இறக்கி வேலை வாங்கிய கங்காணி வெள்ளைக்காரன் அல்லன், சீனன்தான். பின்பு 2019 ஒக்ரோபரில் எசெக்சில் இன்னொரு லொறி. 39 உடல்கள். எல்லோரும் சீனர் என்று பொலிஸ் முதலில் அறிவித்தது. சில நாட்களின் பின்னரே அவர்கள் வியற்நாமியர் என்பது தெரியவந்தது. செத்த பிறகும் முகத்தைப் பார்த்து ஒரே சாக்கில் கட்டினார்கள். ஏஜென்சிக்காரனை நம்பி லொறிக்குள்ளும் கப்பலின் அடித்தட்டிலும் வந்த சனம் நாங்கள். அந்த 58 பேரில் எங்களை அடையாளம் காண முடியாவிட்டால் வேறு எந்தச் சீனனில் காணப்போகிறோம்?

இலங்கையிலேயே சீனர் இருந்தார்கள் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்? துணிமூட்டையைச் சுமந்து ஊர் ஊராக விற்றவர்கள், பட்டணங்களில் செயற்கைப் பல் கட்டியவர்கள். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது என்று நாம் சரியாகவே பேசுகிறோம். அதே சட்டம் இந்தச் சின்னஞ்சிறு சமூகத்தையும் நாடற்றதாக்கியது. பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள், குடியுரிமை மட்டும் வரவில்லை. சீன வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கத் தனியாக ஒரு சட்டம் 2008 இல்தான் நிறைவேறியது. அறுபது வருடங்கள். சீனியும் சீனவெடியும் சீனச்சட்டியும் எங்கள் வீட்டுச் சொற்களாயின. 1952 இன் றப்பர்–அரிசி ஒப்பந்தத்தால் சீனத்து அரிசி கூப்பன் கடைக்கே வந்தது. அந்தச் சீனனின் குடியுரிமைக்காக எங்கள் தலைவர்களோ சங்கங்களோ ஒரு போராட்டம் நடத்தியதாக நான் எங்கும் படித்ததில்லை. மாபெரும் சீனத்தை வியக்கிறோம். தெருவில் மூட்டையோடு வந்த சீனனை எட்டியும் பார்க்கவில்லை.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். கெட்டிக்காரர், ஒற்றுமையானவர், வியாபாரத்தில் புலிகள், தங்களுக்குள்ளேயே உதவிக்கொள்வார்கள் என்று சீனரைப் புகழ்ந்த தேசங்கள் பல. இந்தோனேசியாவில் அப்படித்தான் பேசினார்கள். 1998 மே மாதம் ஜகார்த்தாவில் அவர்களின் கடைகள் எரிந்தன, பெண்கள் வன்புணரப்பட்டார்கள். இந்தியாவில், 1962 எல்லைப் போர் வந்ததும், தலைமுறைகளாகக் கல்கத்தாவிலும் அசாமிலும் வாழ்ந்த சீனக் குடும்பங்களில் மூவாயிரம் பேரளவில் பிடித்து ராஜஸ்தானின் தேவளி முகாமில் அடைத்தார்கள். எங்களுக்கு இதெல்லாம் தெரியாத பாடமா? "தமிழர் கெட்டிக்காரர், படிப்பில் விண்ணர், எல்லா உத்தியோகமும் அவர்கள் கையில், ஒருவரை ஒருவர் கைவிடமாட்டார்கள்" என்று சிங்களவர் வாயால் கேட்டபோது நாமும் உள்ளூரப் பெருமைப்பட்டோம். 1983 யூலையில் வாக்காளர் இடாப்போடு வந்தவனுக்கும் அதே கருத்துத்தான். தமிழன் என்று ஒரே ஒரு ஆள் இருக்கிறான், அவன் வெள்ளவத்தையிலும் இருக்கிறான், பொரளையிலும் இருக்கிறான் என்பதே அவன் கணக்கு. கொழும்புச் சுருட்டுக்கடைக்காரனும் நீதிமன்றத்து அப்புக்காத்துவும் அவனுக்கு ஒருவன்தான். ஒரு மக்கள் கூட்டத்தை ஒற்றை ஆளாகத் திரட்டிப் புகழ்கிறவன், நாளை அடிக்க வருகிறவனுக்கு இலக்கை உருட்டிக் கொடுக்கிறான்.

இதற்கு மறுபுறம் இன்னொரு கூட்டம் எம்மிடையே வளர்ந்திருக்கிறது. "சீனன் எங்கள் எதிரி" என்கிற கூட்டம். காரணம் இல்லாமலும் இல்லை. 2009 மே 27 இல், முள்ளிவாய்க்காலின் புகை அடங்குமுன், ஜெனீவாவில் இலங்கை அரசைப் பாராட்டிய தீர்மானத்துக்குச் சீனா வாக்களித்தது. 2017 இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போயிற்று. 2021 இல் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின் திட்டத்தில் சீன நிறுவனமும் இந்தியாவும் இழுபட்டபோது தீவார் கருத்தை எவரும் கேட்கவில்லை. சீன அரசை இதற்கெல்லாம் கண்டிக்க வேண்டும். அதே ஜெனீவாத் தீர்மானத்துக்கு இந்தியாவும் கியூபாவும் வாக்களித்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் பீஜிங் செய்ததற்கு அப்டன் பார்க்கின் ரேக்எவேக்காரன் பொறுப்பாளியா? 2020 இல் கொரோனா வந்தபோது லண்டன் தெருக்களில் சீன முகம் கொண்டவர்கள் துப்பப்பட்டார்கள், அடிக்கப்பட்டார்கள். அப்போது எங்கள் கைத்தொலைபேசிகளில் சுற்றிய பகிடிகளை நான் இங்கே எழுத விரும்பவில்லை. இயக்கத்தையும் சனத்தையும் ஒன்றாகப் பார்க்காதே என்று முப்பது வருடங்கள் உலகத்தைக் கேட்டு நின்ற சனம், அரசையும் சனத்தையும் ஒன்றாகப் பார்க்கிறது. வியப்பவரும் வெறுப்பவரும் சண்டை பிடிப்பதுபோலத் தெரிந்தாலும் இருவர் கையிலும் இருப்பது அதே ஒற்றைச் சீனன்.

அப்படியானால் சீனத்திடம் கற்க ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். ஒரு தடவை கற்றிருக்கிறோம். அது எங்கள் விழா மலர்களில் வராது. 1964 இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி மொஸ்கோ, பீக்கிங் என்று பிளந்தபோது வடபகுதியில் நா. சண்முகதாசனின் பீக்கிங் சார்பு அணியே வேரூன்றியது. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸ் அடித்தது, ஊர்வலம் நிற்கவில்லை. தேநீர்க்கடையின் தனிப் பேணியும் கோயிலின் மூடிய கதவும் எதிர்க்கப்பட்டன. தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. எழுத்தாளர் கே. டானியல் அதன் முன்னணியில் நின்றார். சங்கானையில், நிச்சாமத்தில் இரத்தம் சிந்தியது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் பஞ்சமர் உள்ளே போகக் கூடாதென்று மறித்து நின்றவர் கணிதப் பேராசிரியராகவும் மந்திரியாகவும் இருந்த சி. சுந்தரலிங்கம். சங்கானை ஷங்காய் ஆகிறது என்று அன்று எச்சரித்தவர்களும் தமிழர்தான். அன்று "சீனச் சார்பு" என்பது யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் வாயில் வசைச்சொல். இன்று "சீனனைப் பார்" என்பது அவர்களின் அறிவுரை.

மாவோவின் சீனத்தில் அந்த வருடங்களில் என்ன நடந்தது என்பதை மறைக்கவேண்டிய தேவை எனக்கில்லை. 1959க்கும் 1961க்கும் இடையில் பஞ்சம் கோடிக்கணக்கில் உயிர் குடித்தது. 1966 இல் தொடங்கிய கலாசாரப் புரட்சி ஆசிரியர்களைத் தெருவில் இழுத்து அவமானப்படுத்தியது. நிச்சாமத்து இளைஞன் சீனத்தைப் போல வாழ ஆசைப்பட்டான் என்பதைவிட, தன் கிணற்றையும் கடையையும் கோயிலையும் பற்றிக் கேள்வி கேட்க அங்கிருந்து ஒரு சொல்லை எடுத்தான் என்பதே பொருத்தம். இன்னொரு சமூகத்தைப் பார்ப்பதால் பயன் உண்டென்றால் அது இப்படித்தான் வரும். எங்கள் வீட்டுக்குள்ளே கேள்வியைக் கொண்டுவர வேண்டும். நாங்கள் பார்க்கும் சீனனோ கேள்வியை வெளியே துரத்துவதற்குப் பயன்படுகிறான். ஒற்றுமை, ஒற்றுமை என்கிறோம். ஈஸ்ற்ஹாம் மண்டபத்தில் ஒற்றுமை பேசிவிட்டு, கலியாணப் பேச்சு வந்ததும் ஊரில் எந்தப் பக்கம், எந்தக் குறிச்சி என்று மெல்ல விசாரிக்கிறோமே, அந்த விசாரணைக்குச் சீனன் என்ன செய்வான்?

தூய்மையாகப் பேணுவது பற்றியும் ஒரு வார்த்தை. 1281 இல் சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவனுக்குக் கோயில் எடுத்துத் தமிழிலும் சீனத்திலும் கல்வெட்டு வைத்தார்கள். அந்தக் கோயிலின் செதுக்குத் தூண்களை இன்று அங்குள்ள கையுவான் பௌத்த விகாரையில் காணலாம். அந்த வணிகரின் பிள்ளைகள் சீனரோடு சீனராகக் கரைந்திருக்க வேண்டும். சீனத் தளபதி செங் ஹ காலிக்குக் கொண்டுவந்த கல் 1409 ஆம் ஆண்டுத் திகதியுடையது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் புத்தரையும் தென்னாவரை நாயனாரையும் அல்லாவையும் தனித்தனியே போற்றுகிறது. அதே செங் ஹவின் படை கோட்டை அரசன் அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனதும் நடந்தது. வணக்கமும் வாளும் ஒரே கப்பலில்தான் வந்தன. கல்லைக் காட்டித் தமிழின் பெருமை பேசுகிறவர்கள் படையை மறைக்கிறார்கள். சீனப் பூச்சாண்டி காட்டுகிறவர்கள் கல்லை மறைக்கிறார்கள்.

பிள்ளைகளுக்குச் சீனரைக் காட்டத்தான் வேண்டும். ஒரு சனிக்கிழமை தமிழ் வகுப்பை விட்டு அவர்களை லைம்ஹவுசுக்குக் கூட்டிப்போய் அந்தத் தெருப் பெயர்ப்பலகைகளை வாசிக்கச் சொல்லுங்கள். லிவர்பூலில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளின் கதையைச் சொல்லுங்கள். ரேக்எவேக் கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த பெண் என்ன கனவு கண்டாள் என்று யோசிக்கச் சொல்லுங்கள். லூ சுன்னைக் கொடுங்கள், டானியலையும் கூடவே கொடுங்கள். அதன்பின் அந்தப் பிள்ளைகள் எழும்பி நின்று எங்களிடம் சில கேள்விகள் கேட்கும். பதில் சொல்ல ஆயத்தமாக இருந்தால் மட்டும் சீனனைப் பார் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் சீனனை அவன் பாட்டில் விடுங்கள். அவனுக்கு இரவு பன்னிரண்டு மணிவரை வேலை இருக்கிறது.